தூக்கம் சரியாக எதை முதலில் மாற்றுவது? ஐந்து சின்னப் பழக்கங்கள், ஓர் ஒப்பீடு

"பதினோரு மணிக்குப் படுத்தாலும் ஒரு மணி வரை புரண்டுகொண்டே இருக்கிறேன். காலையில் எழுந்தால் உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது. எதை மாற்றினால் சரியாகும்?" இந்தக் கேள்வியைக் கேட்பவர்களுக்கு ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. காபியை விடு, போனைத் தள்ளி வை, எட்டு மணிக்கே சாப்பிடு, தினமும் நட, அதிகாலையில் எழு என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எதுவும் தவறான ஆலோசனை கிடையாது. ஆனால் ஐந்தையும் ஒரே திங்கட்கிழமையில் தொடங்கினால், அந்த வாரம் முடிவதற்குள் ஐந்துமே நின்றுபோகும். தப்பித்தவறி தூக்கம் சரியானாலும் எந்த மாற்றத்தால் சரியானது என்று தெரியாது. அதனால் வாழ்க்கை முழுக்க ஐந்தையும் சுமக்க வேண்டியிருக்கும்.

ஒன்றே ஒன்றைத்தான் இப்போது மாற்ற முடியும் என்றால் எது? அதைத் தீர்மானிக்க உதவுவதற்காகவே இந்த ஒப்பீடு.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், அது நம் கையில் இருக்கிறதா என்பது. "இன்று பத்து மணிக்குத் தூங்கிவிடுவேன்" என்று யாரும் முடிவெடுக்க முடியாது. தூக்கம் நாம் கூப்பிட்டு வருவதில்லை. "காலை ஆறு மணிக்கு எழுந்துவிடுவேன்" என்று முடிவெடுக்கலாம்.

இரண்டாவது, பலன் தெரிய எத்தனை நாள் ஆகும். ஒரு வாரத்தில் தெரிந்துவிடும் மாற்றத்தைச் சோதித்துப் பார்ப்பது எளிது. இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்றால் பொறுமை போய்விடும்.

மூன்றாவது, மறைவான செலவு. அதிலும் முக்கியமாக, அந்தச் செலவை யார் தாங்குகிறார்கள் என்பது. நான் அதிக எடை கொடுப்பது இதற்குத்தான். வீட்டில் ஒருவர் உடல்நலத்துக்காக எடுக்கும் முடிவு, இன்னொருவருக்குக் கூடுதல் வேலையாகப் போய் விழுவது நம் வீடுகளில் அடிக்கடி நடக்கிறது. பலன் பட்டியலில் அது வருவதே இல்லை.

நான்காவது, தூக்கம் தவிர வேறு நன்மை உண்டா. ஐந்தாவது, கல்யாணம், திருவிழா, விருந்தாளி, வெளியூர்ப் பயணம் எல்லாவற்றையும் தாண்டி அது நிற்குமா.

இந்த ஐந்தையும் வைத்துப் பார்க்கும்முன் உடம்புக்குள் நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் நல்லது. தூக்கத்தை இரண்டு விசைகள் நடத்துகின்றன என்று 1982-இல் அலெக்சாண்டர் போர்பெலி என்ற ஆய்வாளர் விளக்கினார். ஒன்று, விழித்திருக்கும் நேரமெல்லாம் கூடிக்கொண்டே போகும் தூக்க அழுத்தம். மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்வது இதில் முக்கியப் பங்கு வகிக்கிறது. இன்னொன்று, ஏறக்குறைய 24 மணி நேரச் சுற்றில் ஓடும் உள் கடிகாரம். அழுத்தம் போதுமான அளவு கூடியிருந்து, கடிகாரமும் "இது இரவு" என்று சொல்லும்போது நல்ல தூக்கம் வருகிறது. கீழே வரும் மாற்றங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றைத் தொடுகின்றன.

## 1. தினமும் ஒரே நேரத்தில் எழுந்து வெளிச்சத்துக்குப் போவது

மனிதனின் உள் கடிகாரம் சரியாக 24 மணி நேரத்தில் சுற்றுவதில்லை. சராசரியாக 10 நிமிடம் போல அதிகம் எடுத்துக்கொள்கிறது. தினமும் யாராவது அதைச் சரிசெய்யாவிட்டால் இரவு கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போகும். அதைச் சரிசெய்வது காலை வெளிச்சம். கண்ணின் விழித்திரையில், பார்ப்பதற்கென்று இல்லாமல் வெளிச்சத்தின் அளவை மூளைக்குத் தெரிவிப்பதற்கென்றே சில செல்கள் இருக்கின்றன. அவை காலை வெளிச்சத்தைக் கண்டதும் கடிகாரம் நேராகிறது. அன்றிரவு தூக்கம் எப்போது வரும் என்பதும் அப்போதே பாதி தீர்மானமாகிவிடுகிறது. இந்தக் கடிகாரத்தை ஓட்டும் மரபணுக்களின் செயல்பாட்டைக் கண்டறிந்ததற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இதில் ஒரு விவரத்தைப் பலர் கவனிப்பதில்லை. வீட்டுக்குள் ட்யூப்லைட் வெளிச்சம் நம் கண்ணுக்குப் போதுமானதாகத் தெரிந்தாலும் அது சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுதான். மேகமூட்டமான காலையிலும் வெளியே சில ஆயிரம் லக்ஸ் இருக்கும். நேர் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். கண் தன்னைத்தானே பழக்கிக்கொள்வதால் இந்த வித்தியாசம் நமக்குப் புரிவதில்லை, கடிகாரத்துக்குப் புரிகிறது. எனவே ஹாலில் உட்கார்ந்து பேப்பர் படிப்பது போதாது. மொட்டை மாடி, வாசல், பால் வாங்கப் போகும் தெரு, எதுவானாலும் 15, 20 நிமிடம் வானத்துக்குக் கீழே இருக்க வேண்டும். சூரியனை நேராகப் பார்க்க வேண்டியதில்லை, பார்க்கவும் கூடாது.

இந்த மாற்றத்துக்குத் தமிழ்நாடு மாதிரி வசதியான இடம் அதிகம் இல்லை. சென்னையில் சூரியன் ஆண்டு முழுக்க ஏறக்குறைய 5.40-க்கும் 6.40-க்கும் இடையில் உதித்துவிடுகிறது. குளிர்காலத்தில் எட்டரை, ஒன்பது வரை இருட்டாக இருக்கும் வட ஐரோப்பிய ஊர்களில் இதற்காகவே 10,000 லக்ஸ் விளக்குகளை விலை கொடுத்து வாங்குகிறார்கள். நமக்கு வாசலைத் திறந்தால் போதும்.

மறைவான செலவு ஞாயிற்றுக்கிழமை. வார நாட்களில் ஆறு மணிக்கும் ஞாயிறு ஒன்பதரைக்கும் எழுகிறவரின் உடம்பு, ஒவ்வொரு வாரமும் சில நாடுகள் தாண்டிப் பறந்து திரும்பி வரும் உடம்பைப் போலக் குழம்புகிறது. ஞாயிறு இரவு தூக்கம் வராததும் திங்கள் காலை தலை கனப்பதும் பெரும்பாலும் இதனால்தான். ஞாயிறு காலைத் தூக்கத்தை விட மனம் வராது என்பது எனக்குப் புரிகிறது. ஒரு மணி நேரம் வரை தாமதமாக எழலாம், அதற்கு மேல் வேண்டாம். கல்யாண வீட்டில் இரவு ஒரு மணி ஆகிவிட்டாலும் மறுநாள் வழக்கமான நேரத்துக்கே எழுந்து, மதியம் மூன்று மணிக்குள் 20 நிமிடம் கண்ணயர்வது மேல்.

இன்னொரு செலவு முதல் வாரத்தில் வரும். தூக்கம் இன்னும் முன்னால் நகராமல் எழும் நேரம் மட்டும் நகர்ந்திருப்பதால் பகலில் அசதி இருக்கும். அந்த நாட்களில் நீண்ட தூரம் பைக் ஓட்டாதீர்கள்.

எழும் நேரம் எது என்பதிலும் ஒரு எச்சரிக்கை. அதிகாலை நாலரைக்கு எழுவதே ஒழுக்கம் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. ஒன்பதரைக்குத் தூங்குகிறவருக்கு அது சரி. பன்னிரண்டு மணிக்குப் படுத்து நாலரைக்கு எழுவது, பெரியவர்களுக்குத் தேவையான குறைந்தது 7 மணி நேரத் தூக்கத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தினமும் திருடுவது. வேலைக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் எத்தனை மணிக்கு எழுந்தாக வேண்டுமோ, அந்த நேரத்தையே ஏழு நாளும் வையுங்கள்.

யாருக்கு இது முதல் தேர்வு: படுத்தும் தூக்கம் வராதவர்கள், விடுமுறை நாளில் நேரம் தவறுகிறவர்கள், வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர்கள், ஓய்வு பெற்றபின் எழுவதற்குக் காரணம் இல்லாமல் போனவர்கள், தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள். யாருக்கு இல்லை: இரவு ஷிப்டில் இருப்பவர்களுக்கும் கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்களுக்கும் இந்த மாற்றம் இப்போது பொருந்தாது. குழந்தை தூங்கும்போது தானும் தூங்குவதுதான் அந்தத் தாய்க்குத் தேவை. அவரை அலாரம் வைக்கச் சொல்லாதீர்கள்.

## 2. மாலைக் காபி, டீயை நிறுத்துவது

தூக்க அழுத்தத்தைக் கூட்டும் அடினோசின் மூளையில் போய் ஒட்ட வேண்டிய இடத்தைக் காஃபீன் அடைத்துக்கொள்கிறது. களைப்பு போகவில்லை, களைப்பு தெரியாமல் போகிறது. உள்ளே போன காஃபீனில் பாதி வெளியேற ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக்கு ஒரு டம்ளர் ஸ்ட்ராங் காபி குடித்தால், இரவு பதினோரு மணிக்கும் அதில் பாதி உடம்பில் இருக்கும்.

"எனக்குக் காபி குடித்தால்தான் தூக்கமே வரும்" என்பவர்கள் உண்டு. தூக்கம் வருகிறது, ஆனால் அதன் ஆழம் குறைகிறது. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காஃபீன் எடுத்தவர்களின் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்திருந்தது. 400 மில்லிகிராம் என்பது பெரிய அளவு, நாம் ஒரு வேளையில் குடிப்பதைவிடப் பல மடங்கு. ஆனாலும் ஆறு மணி நேர இடைவெளி கூடப் போதவில்லை என்பது கவனிக்க வேண்டிய செய்தி.

நம் டம்ளரில் எவ்வளவு? ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, 150 மில்லி வடித்த காபியில் 80 முதல் 120 மில்லிகிராம், இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65, டீயில் 30 முதல் 65 என்று கணக்குச் சொல்கிறது. நாளொன்றுக்கு 300 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்பது அதன் அறிவுரை. சிக்கரியில் காஃபீன் கிடையாது. ஆகவே சிக்கரி கலந்த தூளில் போட்ட காபி கறுப்பாகவும் கெட்டியாகவும் இருந்தாலும் காஃபீன் குறைவாகவே இருக்கும். உங்கள் வீட்டுத் தூள் பாக்கெட்டில் சிக்கரி விகிதம் அச்சிட்டிருப்பார்கள், பாருங்கள்.

எல்லோருக்கும் ஒரே வேகத்தில் காஃபீன் கரைவதில்லை. கர்ப்பக் காலத்தில் அது உடம்பில் தங்கும் நேரம் பல மடங்கு கூடுகிறது. கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் நீளுகிறது. இவர்கள் மதியத்துக்குப் பிறகு தவிர்ப்பது நல்லது. மற்றவர்களுக்குப் பிற்பகல் இரண்டு, மூன்று மணியை எல்லையாக வைக்கலாம்.

பணச் செலவு எதுவும் இல்லை. மறைவான செலவுகள் இரண்டு. நாள் முழுக்கக் காபி குடித்துப் பழகியவர் ஒரேயடியாக விட்டால் முதல் சில நாள் தலைவலி வரும். ஒவ்வொரு டம்ளராகக் குறைத்தால் அது பெரிதாகத் தெரியாது. இரண்டாவது செலவு பெரியது. அலுவலகத்தில் நாலு மணி டீக்கு எழுந்து போவது வெறும் டீக்காக இல்லை, நண்பர்களோடு பத்து நிமிடம் நிற்பதற்காக. வீட்டில் இருக்கும் பெண்களுக்கோ மாலைக் காபி நேரம்தான் மதிய வேலைக்கும் இரவு வேலைக்கும் நடுவில் உட்காரக் கிடைக்கும் ஒரே இடைவெளி. அதைப் பிடுங்கிவிட்டு "ஆரோக்கியம்" என்று பெயர் வைத்தால் பழக்கம் நிற்காது. உட்காருவதை அப்படியே வைத்துக்கொண்டு டம்ளரில் இருப்பதை மட்டும் மாற்றுங்கள். சுக்கு மல்லிக் காபியில் காபிக்கொட்டை போடாவிட்டால் காஃபீன் இல்லை. மோர், சூடான பால், இஞ்சி தட்டிய வெந்நீர் எதுவானாலும் சரி. சர்க்கரை நோய் உள்ளவர்கள் கருப்பட்டியும் பனங்கற்கண்டும் "நல்ல இனிப்பு" என்று நம்பி அதிகம் போட வேண்டாம், அவையும் இனிப்புதான். கிரீன் டீக்கு மாறுகிறவர்கள் அதிலும் காஃபீன் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். கோலா பானங்களிலும் சில தலைவலி மாத்திரைகளிலும் கூட உண்டு.

சோதித்துப் பார்க்க ஐந்திலும் எளிதானது இதுதான். ஒரு வாரம், பத்து நாளில் பதில் தெரிந்துவிடும். நடுராத்திரியில் அடிக்கடி விழிப்பு வருகிறவர்கள், நாளைக்கு நாலைந்து டம்ளர் காபி அல்லது டீ குடிக்கிறவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். காலையில் ஒரே ஒரு காபியோடு நிறுத்திக்கொள்கிறவர், அதையும் விட்டுவிட்டுத் தூக்கம் வரும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. அவருடைய சிக்கல் வேறெங்கோ இருக்கிறது.

## 3. போனைப் படுக்கைக்கு வெளியே வைப்பது

போன் திரையின் நீல வெளிச்சம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். அது உண்மை, ஆனால் நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. 2015-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், படுக்கும்முன் 4 மணி நேரம் மின்திரையில் புத்தகம் படித்தவர்கள், அச்சுப் புத்தகம் படித்தவர்களைவிட ஏறக்குறைய 10 நிமிடம் தாமதமாகத் தூங்கினார்கள். இரவு வந்துவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் ஹார்மோனான மெலட்டோனின் அவர்களுக்குச் சுரப்பதும் ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போனது. பத்து நிமிடம் என்பது ஒரு மணி வரை விழித்திருப்பதை விளக்காது. திரையை மஞ்சளாக மாற்றும் வசதியைப் போட்டுவிட்டு நிம்மதியாக ரீல்ஸ் பார்ப்பவர்களுக்கு அதனால் பெரிய பலன் கிடைக்காததற்கும் இதுதான் காரணம். போன் தின்பது நேரத்தை. அதில் வரும் சண்டையும் செய்தியும் கிளறிவிடுவது மனதை.

மறைவான செலவுகள் இங்கேதான் அதிகம். தினசரி வேலையெல்லாம் முடிந்து, பாத்திரம் கழுவி, பிள்ளைகளைத் தூங்கவைத்து, பத்தரைக்குக் கையில் போனை எடுக்கும் பெண்ணுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் அந்த நாளில் யாரும் கேள்வி கேட்காத நேரம். நாள் முழுக்க மேலதிகாரிக்காக உழைத்தவருக்கும் அப்படித்தான். அந்த நேரத்தை வேறு இடத்தில் கொடுக்காமல் போனை மட்டும் விலக்கச் சொல்வது நியாயமில்லை, நடக்கவும் நடக்காது. பாத்திரத்தை வேறொருவர் கழுவினால் அந்த நேரம் ஒன்பதரைக்கே கிடைத்துவிடும்.

வயதான அப்பா அம்மா வேறு ஊரில் இருந்தாலோ, மகன் அமெரிக்காவிலிருந்து அவன் பகல் நேரத்தில் கூப்பிடுவான் என்றாலோ, போன் காதுக்கு எட்டாத இடத்தில் இருப்பது பதற்றத்தைக் கூட்டும். குறிப்பிட்ட எண்களிலிருந்து வந்தால் மட்டும் மணி அடிக்கும்படி அமைத்து, ஹாலில் சத்தமாக வைக்கலாம். அலாரத்துக்கு ஒரு சாதாரண மேசைக் கடிகாரம் போதும். ஒற்றை அறை வீட்டில் "படுக்கையறைக்கு வெளியே" என்பதற்கு அர்த்தமில்லை. கை நீட்டினால் எட்டாத பீரோ மேலே வைத்து சார்ஜ் போடுங்கள். அப்புறம், ஒருவர் மட்டும் விட்டுவிட்டுப் பக்கத்தில் இன்னொருவர் சத்தத்தோடு வீடியோ பார்த்தால் பலனில்லை. கணவன் மனைவி சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு இது.

பத்து மணிக்குப் படுத்து, பன்னிரண்டு வரை போனோடு இருந்து, கீழே வைத்த ஐந்தாவது நிமிடம் தூங்கிவிடுகிறீர்களா? உங்களுக்குத் தூக்கமின்மை இல்லை, தூங்க நேரம்தான் இல்லை. உங்களுக்கு இது முதல் தேர்வு. போனை ஒன்பது மணிக்கே வைத்துவிட்டும் இருட்டில் விழித்துக் கிடக்கிறவர்களுக்கு முதல் தேர்வு இது இல்லை.

## 4. இரவுச் சாப்பாட்டை முன்னால் நகர்த்துவது

சாப்பிட்டு இரண்டு, மூன்று மணி நேரத்துக்குள் படுத்தால் வயிற்று அமிலம் மேலேறும் வாய்ப்பு கூடும். நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், இரவில் வறட்டு இருமல் இருப்பவர்களுக்கு வேறெதையும்விட இந்த மாற்றம் வேகமாகப் பலன் தரும். சில நாளிலேயே தெரியும். இடப்பக்கம் சாய்ந்து படுப்பதும் உதவும். சர்க்கரை அளவிலும் வித்தியாசம் உண்டு. 2020-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், பதினோரு மணிக்குப் படுக்கும் ஆரோக்கியமானவர்கள் அதே உணவை ஆறு மணிக்குப் பதில் பத்து மணிக்குச் சாப்பிட்டபோது, ரத்தச் சர்க்கரையின் உச்சம் ஏறக்குறைய 18 சதவீதம் கூடுதலாக இருந்தது.

உடம்புக்கு நல்லது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் செலவைப் பாருங்கள். வேலை முடிந்து கணவர் ஒன்பதரைக்கு வருகிறார், டியூஷன் முடிந்து மகள் எட்டரைக்கு, மாமனாருக்கு ஏழரைக்கே வேண்டும். ஒருவர் முன்னால் சாப்பிட முடிவெடுத்தால் தோசைக்கல் மூன்று முறை அடுப்பில் ஏறுகிறது. பெரும்பாலான வீடுகளில் அந்த மூன்று முறையும் நிற்பது ஒரே ஆள். குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடும் ஒரே வேளையும் போய்விடுகிறது. இந்த இழப்பை நான் சின்னதாக நினைக்கவில்லை.

அதனால் நேரத்தை மாற்ற முடியாத வீடுகளுக்கு அளவை மாற்றுவதைச் சொல்வேன். மாலை ஆறு, ஆறரைக்கு வயிற்றுக்கு ஏதாவது, சுண்டலோ அடையோ, கொஞ்சம் கனமாகவே சாப்பிட்டுவிட்டு, ஒன்பது மணிக்கு எல்லோரோடும் உட்கார்ந்து இரண்டு இட்லி அல்லது இடியாப்பம். பத்தரைக்குப் பரோட்டா சால்னா, பிரியாணி மட்டும் வேண்டாம். கடை வைத்திருப்பவர்களுக்கும் இதுதான் நடைமுறைக்கு வரும். ரமலான் மாதத்தில் சாப்பாட்டு நேரமே தலைகீழாக இருப்பதால், நோன்பு வைப்பவர்கள் அதன் பிறகு தொடங்கலாம்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று: இன்சுலின் போடுகிறவர்களும் சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் இரவுச் சாப்பாட்டின் நேரத்தையோ அளவையோ மாற்றக் கூடாது. நடுராத்திரியில் சர்க்கரை தாழ்ந்துபோகும் அபாயம் இருக்கிறது.

## 5. சாப்பிட்டபின் சிறிது நடப்பது

தூக்கத்துக்கு நேரடிப் பலன் குறைவு, உடம்புக்குப் பலன் அதிகம். சாப்பிட்டதும் கால் தசைகள் வேலை செய்தால், ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை அவை எடுத்துக்கொள்கின்றன. சர்க்கரை நோய் வரும் வாய்ப்புள்ள முதியவர்கள் ஒவ்வொரு வேளையும் சாப்பிட்டபின் 15 நிமிடம் மிதமான வேகத்தில் நடந்தபோது, அன்றைய நாள் முழுக்கவும் சர்க்கரை அளவு மேம்பட்டது என்று 2013-இல் ஓர் ஆய்வு காட்டியது. சித்த மருத்துவமும் சாப்பிட்டபின் குறுநடையைத்தான் சொல்கிறது. 2023-இல் வெளியான தேசிய அளவிலான கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அதனால் இந்தப் பலனை ஒதுக்கிவிட முடியாது.

செலவு என்றால் தெருதான். விளக்கில்லாத தெரு, நாய்கள், உடைந்த நடைபாதை, இரவில் தனியாக நடக்கப் பெண்களுக்குள்ள தயக்கம். மொட்டை மாடியிலோ வீட்டுக்குள்ளேயே ஹாலுக்கும் சமையலறைக்கும் இடையிலோ நடந்தாலும் கணக்கில் வரும். வேகம் வேண்டாம், பேசிக்கொண்டே நடக்கும் வேகம் போதும். படுக்கப் போகும் நேரத்தில் வியர்க்க வியர்க்க உடற்பயிற்சி செய்தால் சிலருக்குத் தூக்கம் தள்ளிப்போகும்.

## ஒரே பார்வையில்

| | நம் கையில் இருக்கிறதா | பலன் தெரிய | செலவைத் தாங்குவது | கூடுதல் நன்மை | நீடிக்குமா |
|---|---|---|---|---|---|
| ஒரே நேரத்தில் எழுவது, வெளிச்சம் | முழுதாக | 2 முதல் 3 வாரம் | நாமேதான் (ஞாயிறு தூக்கம்) | பகல் சுறுசுறுப்பு | நீடிக்கும் |
| மாலைக் காபி நிறுத்தம் | பெரும்பாலும் | 7 முதல் 10 நாள் | நாமேதான் | காபி, டீயில் போடும் சர்க்கரை குறையும் | மாற்றுப் பானம் இருந்தால் |
| போன் விலக்கம் | பாதி | உடனே | நாமும் துணையும் | மன அமைதி | கடினம் |
| முன்னால் சாப்பாடு | வீட்டைப் பொறுத்து | நெஞ்செரிச்சலுக்குச் சில நாள் | சமைப்பவர் | சர்க்கரை, செரிமானம் | விருந்து நாளில் உடையும் |
| சாப்பிட்டபின் நடை | முழுதாக | சர்க்கரைக்கு அன்றே | யாருமில்லை | மிக அதிகம் | நீடிக்கும் |

## என் தீர்ப்பு

தனிப்பட்ட காரணம் எதுவும் கண்ணுக்குத் தெரியாதவர் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால், காலையில் ஒரே நேரத்தில் எழுந்து வெளியே போவதையே சொல்வேன். இரவை நேராகத் திருத்த முயல்கிறவர்கள் படுக்கையில் கிடந்து தூக்கத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள், அந்த முயற்சியே விழிப்பைக் கூட்டுகிறது. காலைப் பக்கத்திலிருந்து பிடித்தால் கடிகாரமும் அழுத்தமும் இரண்டுமே தாமாக ஒழுங்குக்கு வருகின்றன. வீட்டில் வேறு யாருக்கும் வேலை கூடுவதும் இல்லை.

காரணம் கண்ணுக்குத் தெரிகிறவர்கள் அதையே பிடியுங்கள். மாலை ஐந்துக்கு மேல் காபி குடிக்கிறவர் முதலில் காபியை மாற்றட்டும். நெஞ்செரிச்சல் உள்ளவர் சாப்பாட்டை. ஏற்கெனவே நன்றாகத் தூங்கி, சர்க்கரைதான் கவலை என்பவர் நடையை. நைட் ஷிப்ட் ஊழியர்களுக்கு இந்தப் பட்டியலை மாற்றி எழுத வேண்டும்: ஷிப்டின் பின்பாதியில் காபி வேண்டாம், வீடு திரும்பியதும் அறையைத் தடித்த திரையால் இருட்டாக்குங்கள், காலை பத்து மணிக்கு அழைப்பு மணியை அடிக்காமல் இருக்க வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும் ஒத்துழைக்க வேண்டும்.

எதைத் தேர்ந்தாலும் மூன்று வாரமாவது அந்த ஒன்றை மட்டும் செய்யுங்கள். தினசரி நாள்காட்டியின் தாளில் தினமும் மூன்று குறிப்பு போதும்: படுத்த நேரம், எழுந்த நேரம், பகலில் தெம்பு எப்படி இருந்தது என்பதற்கு ஐந்துக்கு ஒரு மதிப்பெண். நடு இரவில் மணி பார்க்காதீர்கள். 20 நிமிடம் போல விழித்துக் கிடப்பதாகத் தோன்றினால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்து, கண் சொக்கும்போது திரும்பிப் படுங்கள்.

## இந்த ஐந்தும் போதாத இடம்

பலத்த குறட்டையும் நடுவில் மூச்சு நின்று திணறி எழுவதும் இருந்தால், ஏழெட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் வண்டி ஓட்டும்போது கண் சொருகினால், அது மூச்சுத்தடைத் தூக்க நோயாக இருக்கலாம். காபியை விட்டுச் சரியாகாது. நுரையீரல் மருத்துவரையோ காது மூக்கு தொண்டை மருத்துவரையோ பாருங்கள். இரவில் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றினால் இரும்புச்சத்தைப் பரிசோதிக்கச் சொல்வார்கள்.

வாரத்தில் மூன்று இரவாவது தூக்கமின்மை, அதுவும் மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் அது நாள்பட்ட தூக்கமின்மை. மாத்திரைக்கு முன்பே அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை, அதாவது தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் சிகிச்சையை, தொடங்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2016-இல் பரிந்துரைத்தது. நம் ஊரில் மனநல மருத்துவர்களும் உளவியல் நிபுணர்களும் இதைத் தருகிறார்கள். மனச்சோர்வோ பதற்றமோ சேர்ந்திருந்தால் 14416 என்ற டெலி மானஸ் இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். ஏற்கெனவே தூக்க மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் போகும்போது மூன்று வார நாள்காட்டித் தாள்களையும் கையோடு எடுத்துப் போங்கள். எப்போது படுக்கிறீர்கள், எப்போது எழுகிறீர்கள் என்று அவர் கேட்கப்போகும் முதல் கேள்விகளுக்குப் பதில் அதில் இருக்கும்.